ரங்கராஜனாக நடித்தவர்

என் பெரியப்பா மாணிக்கவாசகத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பெயர் தெரிந்திருக்காது. இந்தித் தொடர்களில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் எரியும் சிவப்பு விளக்கு அணையும். கதவைத் திறந்துகொண்டு பச்சை அங்கி அணிந்த டாக்டர் ஒருவர் வெளியே வருவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். தலையை இடமும் வலமுமாக ஒரு முறை அசைப்பார். கதாநாயகி வீறிட்டதும் கேமரா அவரை விட்டுவிட்டு அவள் முகத்துக்குப் போய்விடும். அந்த டாக்டர்தான் பெரியப்பா.

டாக்டராவதற்கு முன்னால் தபால்காரர், நீதிபதி, வங்கி மேனேஜர், திருமணப் பதிவாளர் என்று பலராக இருந்திருக்கிறார். நிஜத்தில் அவர் மத்திய அமைச்சகம் ஒன்றில் கிளார்க். தில்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்பாசமுத்திரத்திலிருந்து அப்படி ஒரு நாற்காலிக்கு வந்தவர்தான். தொண்ணூறுகளில் தில்லியிலேயே நிறையத் தொடர்கள் எடுத்தார்கள். எதிர் பிளாக்கில் இருந்த உதவி இயக்குநர் ஒருவர், அலுவலகக் காட்சியில் மேஜைக்குப் பின்னால் உட்கார ஆள் தேடி வந்தார். உட்காருவது பெரியப்பாவுக்குக் கைவந்த வேலை. அப்படித்தான் தொடங்கியது. பிறகு தற்செயல் விடுப்பு எல்லாம் படப்பிடிப்புக்கே போயிற்று. மும்பையிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து கன்னாட் பிளேஸில் படமெடுத்தாலும் இரண்டு வசனத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அந்த இரண்டு வசனமும் பெரும்பாலும் படத்தில் வராது. தோள் வரும், சில சமயம் காது வரும்.

"முதுகைக் காட்டத்தான் மேக்கப் போட்டுக்கிட்டுப் போறியளா?" என்பாள் சியாமளா பெரியம்மா. டாக்டர் வேஷம் நிலைத்த பிறகு அவள் கேலி மாறியது. "ஊருக்கெல்லாம் சாவு சொல்லுத வாயி. வீட்டுல நல்ல வார்த்தை நாலு சொல்லுங்க."

"நான் எங்க சொல்லுதேன்? தலையத்தான ஆட்டுதேன்" என்பார் அவர்.

பஸ்ஸிலும் கறிகாய்ச் சந்தையிலும் யாராவது அவரை உற்றுப் பார்த்து, "எங்கேயோ பார்த்திருக்கிறேனே" என்பார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. சாணக்யபுரியில் தமிழ்நாடு இல்லத்து உணவகத்தில் முன்பின் தெரியாத ஒருவர் தன் அத்தை மகன் என்று நினைத்து அவரைக் கட்டிக்கொண்டாராம். பெரியப்பா அதை மறுக்கவில்லை. அத்தை சௌக்கியம் என்று சொல்லிவிட்டு வந்தார். அப்போது வீடே சிரித்தது.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. உடன் வேலை பார்த்த சேஷு என்பவருக்கு இதய அறுவை சிகிச்சை. பார்க்கப் போன பெரியப்பா மாடிப்படி ஏறிய வேர்வையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாழ்வாரத்தில் காத்திருந்த ஒரு குடும்பம் அவரைப் பார்த்தது. அவர்களில் ஒரு பெண் எழுந்து, "டாக்டர் சாப்?" என்று கேட்டாள். நான் டாக்டர் இல்லை என்று சொல்வதற்காக அவர் தலையை அசைத்தார்.

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். நர்ஸ் ஓடி வந்து, உங்கள் வீட்டுக்காரர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்லி அவளைத் தேற்ற வெகுநேரம் ஆயிற்று. பெரியப்பா கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்தப் பெண்ணின் கணவர் அன்று சாயங்காலமே இறந்துபோனதைச் சேஷுவின் மனைவி தொலைபேசியில் சொன்னாள்.

அதன் பிறகு பெரியப்பா எந்த மருத்துவமனைக்கும் போகவில்லை. தம் பரிசோதனைகளைக்கூடத் தள்ளிப்போட்டார்.

ஓய்வு பெற்றபின் வேஷங்கள் குறைந்தன. அந்தச் சமயத்தில்தான் நொய்டாவில் ஒரு செய்திச் சேனல் அவரைக் கூப்பிட்டது. காணாமல் போனவர்களைப் பற்றிய நிகழ்ச்சி அது. அவர்கள் வீட்டை விட்டுப் போன கடைசிக் காட்சியை நடிகர்களை வைத்து மறுபடி எடுத்துக் காட்டுவார்கள். ஜனக்புரியில் ரங்கராஜன் என்று ஒரு தமிழர், வங்கியில் ஓய்வு பெற்றவர், கொஞ்ச நாளாக மறதி. குளிர்காலக் காலையில் பால் பூத்துக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் வேஷத்துக்கு ஒரு தமிழ் முகம் வேண்டுமாம்.

அதே வீட்டு வாசலில், அதே படியில் எடுத்தார்கள். ரங்கராஜனின் மனைவி வைதேஹி கணவருக்கும் மகனுக்கும் ஒரே நூலில் இரண்டு அரக்கு ஸ்வெட்டர் பின்னியிருந்தார். ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். மகனுடையதைப் பெரியப்பாவுக்குக் கொடுத்தார்கள்.

"முகம் தேவையில்லை. பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நேராக நடந்து போங்கள். நிற்க வேண்டாம்" என்றார் இயக்குநர். காணாமல் போனவரின் படத்தைக்கூட அவருக்குக் காட்டவில்லை.

பெரியப்பா நடந்தார். கேட்டைத் தாண்டியதும் நின்றார். திரும்பி, மேலே பால்கனியைப் பார்த்தார்.

யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. "இத்தனை வருசத்துல ஒரு தடவையாவது கேமரா என்னைப் பாத்துக்கிட்டே இருக்கட்டும்னு நெனச்சேன், பிள்ளே" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

எடிட்டருக்கு அந்தப் பார்வை பிடித்துவிட்டது. அந்த இடத்தில் படத்தை உறைய வைத்து, கீழே 'இவரைக் கண்டால் தகவல் தரவும்' என்று எண்ணைப் போட்டார்கள். ரங்கராஜனின் பழைய புகைப்படம் மூலையில் சிறிதாக ஒரு கணம் வந்து போயிற்று. நிகழ்ச்சி ஒளிபரப்பான பிறகு அதன் துண்டு கைபேசிகளில் சுற்றியது. ஹரித்வாரிலிருந்து அழைத்தார்கள், மதுராவிலிருந்து அழைத்தார்கள். ஹரித்வார் படித்துறையில் அரக்கு ஸ்வெட்டர் போட்ட ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாராம். ரங்கராஜனின் மகன் ப்ரசன்னா குருகிராமிலிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் ஓடினான். இங்கே ஒரு போலீஸ்காரர் பஸ் நிறுத்தத்தில் பெரியப்பாவின் கையைப் பிடித்து, "வீட்டுக்குப் போகலாம் வாங்க, பாபுஜி" என்றார். பெரியப்பா அடையாள அட்டையைக் காட்டியும் அவர் பாதி நம்பிக்கையில்தான் விட்டார்.

சேனலுக்குச் சொல்லிப் படத்தை மாற்றச் சொன்னோம். மாற்றினார்கள். சுற்றுவது நிற்கவில்லை.

அந்த வருடம் ஆடிக் கிருத்திகை ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரியப்பாவை மலை மந்திர் முருகன் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். கூட்டத்தோடு நாங்கள் படி இறங்கினோம். கீழ்ப்படியில் ஒரு மாமி கையில் அர்ச்சனைக் கூடையோடு எங்களையே பார்த்தபடி நின்றார். நாங்கள் அருகில் வந்ததும் பெரியப்பாவிடம் சாதாரணக் குரலில் கேட்டார்.

"எங்கே போயிருந்தேள்?"

பெரியப்பா அந்தப் படியிலேயே நின்றுவிட்டார். கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு இறங்கியது. மாமியின் கண்கள் மெல்ல மாறின. கூடையைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க அந்த நடிகர். இல்லையா? மன்னிச்சுக்கோங்கோ. நான் வைதேஹி."

"மாமி, நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கிய?" என்று பெரியப்பாவும் படியில் உட்கார்ந்தார்.

மாமி பெருமாள் கோயிலைத் தவிர வேறெங்கும் போகாதவராம். இப்போது எல்லாக் கோயிலுக்கும் போகிறார். கூடையிலிருந்த பூவைச் சரிசெய்தபடி மேலே சொன்னார்.

"ஆத்துல ஃபோட்டோ எடுக்கறது எப்பவும் அவர்தான். அதனால அவர் இருக்கற ஃபோட்டோ ரொம்பக் கம்மி. இருக்கறதும் சின்ன வயசுல எடுத்தது. அவர் நடக்கறது உங்க நிகழ்ச்சியில மட்டும்தான் இருக்கு. அதனால அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். இப்போ கண்ணை மூடினா உங்க முகம்தான் வரது. ஃபோட்டோவை எடுத்துப் பார்த்தா யாரோ மாதிரி இருக்கு."

மாமி கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவர் வாசல்ல நின்னு திரும்பி என்னைப் பார்த்தார்னு எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருந்தேன். போன வாரம்தான் யோசிச்சேன். கல்யாணமான நாளா அவர் திரும்பிப் பார்த்ததே கிடையாது. போறேன்னுகூடச் சொல்லிக்க மாட்டார். திரும்பிப் பார்த்தது நீங்கதான்."

வீட்டுக்கு வரும் வழியில் பெரியப்பா கார்க் கண்ணாடியைத் தன் பக்கமாகத் திருப்பி முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். அதை நேராக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவு பெரியம்மா ரசம் ஊற்றியபோது, "நான் யாரு மாதிரி இருக்கேன்?" என்று கேட்டாராம். "சாப்புடுத நேரத்துல என்ன கேள்வி இது? உங்க மாதிரிதான் இருக்கிய" என்றாளாம் அவள்.

மழைக்காலம் முடிந்த பிறகு ப்ரசன்னா என்னை அழைத்தான். ரயில் நிலையம் ஒன்றின் அருகே ஒரு முதியவர் இறந்து கிடந்தாராம். உயரமும் வயதும் ஒத்துப்போகின்றன. உடல் மருத்துவமனைச் சவக்கிடங்கில் இருக்கிறது, அடையாளம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மா உங்க பெரியப்பாவைக் கூட்டிண்டு வரச் சொல்றா. எனக்குக் கேக்கவே கூச்சமா இருக்கு. ஆனா அவர் இல்லாம உள்ள வரமாட்டேங்கறா."

ஏன் என்று கேட்டேன். அவன் தயங்கிவிட்டுச் சொன்னான். கோடையிலும் இதேபோல ஓர் உடலைக் காட்டினார்களாம். மெலிந்து, தாடி வளர்ந்த மனிதர். மாமி பார்த்த உடனே இல்லை என்று சொல்லிவிட்டார். உரிமை கோர யாரும் வராததால் போலீஸே அதை எரித்துவிட்டது. இப்போது மாமிக்குத் தூக்கமில்லை.

"அன்னிக்கு அவ தேடினது அப்பா முகத்தையா, உங்க பெரியப்பா முகத்தையான்னு அவளுக்கே தெரியலை."

"உங்களுக்குத் தெரியவில்லையா?"

"ஆஸ்டல், அப்புறம் பெங்களூர், அப்புறம் இந்த வேலை. அப்பாவை நான் தாடியோட பார்த்ததில்லை. அந்த முகத்துல எனக்கு ஒண்ணும் புரியலை." பிறகு, "டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பறதுக்கும் யாராவது முதல்ல இருக்கலாம்னு சொல்லணும். அம்மா இல்லைன்னுட்டா" என்றான்.

தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியம் செய்துவிடலாம் என்று உறவினர்கள் மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருப்பவரைக் கொளுத்தமாட்டேன் என்று மாமி மறுத்து வந்தார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். காத்திருக்க வேண்டுமா, போதுமா.

பெரியப்பாவிடம் சொன்னேன். மருத்துவமனை என்றதும் அவர் விரல்கள் கண்ணாடியின் காம்பைத் தொட்டன. பெரியம்மா அடுக்களையிலிருந்தே, "வேண்டாம். நீங்க போனா அங்க எவனாவது சாவான்" என்றாள்.

"அங்க இருக்கவன் எல்லாம் செத்தவந்தான்" என்று சொல்லிவிட்டு அவர் அலமாரியைத் திறந்தார். அரக்கு ஸ்வெட்டர் அங்கே இருந்தது. படப்பிடிப்புக்குப் பிறகு திருப்பிக் கொடுக்க விட்டுப்போயிற்று என்று நினைத்திருந்தோம். அது துவைத்து, மடித்து, பாச்சை உருண்டையோடு இருந்தது. அக்டோபர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, தோளில் ஒரு துணிப்பையோடு காரில் ஏறினார்.

நடுப்பகல். சவக்கிடங்கு மருத்துவமனையின் பின்புறம் ஒரு நீளமான தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. தன்னால் உள்ளே போக முடியாது என்று மாமி சொன்னதும், உடல் வைத்த தள்ளுவண்டியைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். வண்டியைத் தள்ளி வந்த ஊழியர் பெரியப்பாவைப் பார்த்ததும் விறைப்பாக நின்றார்.

"டாக்டர் சாப்" என்று சலாம் வைத்தார்.

பெரியப்பா தலையை அசைக்கவில்லை. இரு கைகளையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு சும்மா நின்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் கண் காட்டியதும் ஊழியர் துணியை விலக்கினார். நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. தாழ்வாரத்தின் மறுகோடியில், வெளிவாசல் அருகே நின்றுகொண்டேன். ஆனால் குரல்கள் அங்கே தெளிவாகக் கேட்டன.

"இவர் பக்கத்துல நில்லுங்கோ" என்றார் மாமி.

பெரியப்பா வண்டியின் தலைமாட்டில் நின்றார். மாமி படுத்திருந்தவரைப் பார்த்தார், நின்றவரைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"அவர் முகம் வரலை" என்றார் கடைசியில். "ரெண்டு பேருமே யாரோவா இருக்கேள்."

"அம்மா, போதும் வா" என்றான் ப்ரசன்னா.

"இருடா." மாமி பெரியப்பாவிடம் திரும்பினார். "நீங்க எனக்காக ஒண்ணு பண்ணணும். அன்னிக்கு மாதிரி நடந்து போங்கோ. அதோ அந்த வாசல்வரைக்கும். திரும்பிப் பார்க்காதேங்கோ. நான் கூப்பிட்டாலும் பார்க்காதேங்கோ."

பெரியப்பா தன் துணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். நடக்கத் தொடங்கினார்.

அவர் என்னை நோக்கித்தான் வந்தார். பின்னால் மாமி பார்த்துக்கொண்டிருந்தது முதுகை. முன்னால் நான் பார்த்தது முகத்தை. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த முகம் அது. பாதித் தாழ்வாரம் தாண்டும்போது அதில் எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை. கண்கள் திறந்திருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எதையோ வாங்கப் புறப்பட்டு, எதை என்று மறந்துபோன ஒரு வயதான மனிதர் வந்துகொண்டிருந்தார். நடைகூட வேறாக இருந்தது. வலது காலைச் சற்று அகட்டி வைத்து நடந்தார். பெரியப்பா அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. நான் சுவரோடு ஒட்டி வழி விட்டேன்.

"ஏன்னா" என்று பின்னாலிருந்து மாமி கூப்பிட்டார்.

அந்த மனிதர் திரும்பவில்லை. என்னைக் கடந்து வெயிலுக்குள் போனார்.

தாழ்வாரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மாமியின் குரல் வந்தது. நடுக்கமே இல்லாத குரல்.

"இவர் இல்லை. பாவம், யாராத்துப் பிள்ளையோ, மூடிடுங்கோ. ப்ரசன்னா, போன தடவை காட்டினாளே, அவரோட ஃபோட்டோ போலீஸ்கிட்ட இருக்கும். கேளு."

சப்-இன்ஸ்பெக்டர் தன் கைபேசியில் தேட நேரமாயிற்று. எடுத்துக் காட்டினார். மாமி அதை வாங்கி, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இவர்தான்" என்றார். "தாடிக்குள்ள இருந்தார். நான்தான் பார்க்கலை."

ப்ரசன்னா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். மாமி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

வெளியே வந்து பார்த்தேன். பெரியப்பா மருத்துவமனையின் கேட்டையும் தாண்டி, சாலையோர வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "பெரியப்பா" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, மரியாதையாக, "சொல்லுங்க" என்றார். பிறகு ஒரு நிமிடம் கழித்து, "ஏ பிள்ளே, இந்த வெயில்ல எதுக்கு இதப் போட்டுக்கிட்டேன்?" என்று கேட்டு ஸ்வெட்டரைக் கழற்றினார். உள்ளே சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"வலது காலில் வலியா, பெரியப்பா?"

"இல்லையே. ஏன் கேக்க?"

கோடையில் எரித்த உடலிலிருந்து விதிப்படி முன்பே எடுத்து வைத்திருந்த எலும்புத் துணுக்கை ப்ரசன்னாவின் ரத்தத்தோடு ஒப்பிட்டு, பல மாதங்கள் கழித்து முடிவு வந்தது. மாமி சொன்னதையே அதுவும் சொன்னது. மாமி அதற்குக் காத்திருக்கவில்லை. அன்றே வீட்டுக்குப் போய்த் தலை முழுகினார். தர்ப்பையில் உருவம் செய்து ப்ரசன்னா கொள்ளி வைத்தான்.

பதிமூன்றாம் நாள் எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஜனக்புரி வீட்டின் கூடத்தில் ரங்கராஜனின் படம் பெரிதாக்கி மாட்டியிருந்தது. வங்கியில் யாருக்கோ பிரிவு உபசாரம் நடந்தபோது எடுத்ததாம். பழைய சக ஊழியர் ஒருவர் தேடிக் கொடுத்திருந்தார். உருண்டை முகம், அடர்ந்த புருவம், அகன்ற மூக்கு. பெரியப்பாவின் முகம் ஒடுங்கி நீண்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அந்தப் படத்தின் முன்னால் நின்றார்.

"ஒரு சாடையும் இல்லையே, மாமி" என்றார்.

"துளிக்கூட இல்லை" என்று மாமி சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "அவருக்கு வலது கால் கொஞ்சம் அகட்டிண்டு போகும். சின்ன வயசுல சைக்கிள்லேர்ந்து விழுந்தது. ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்லை. எனக்கே மறந்துபோயிருந்தது. அன்னிக்கு நீங்க நடந்தப்போதான் ஞாபகம் வந்தது."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் முன்னால் போட்டிருந்த வாழை இலையைப் பார்த்தேன்.

சாப்பாட்டுக்கு வந்திருந்தவர்களில் ஒருவர்கூட அவரிடம், எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். சந்தையிலும் மெட்ரோவிலும் யாரும் சொல்வதில்லை. சென்ற மாதம் அவரைப் பல காலமாகத் தெரிந்த ஒரு மேக்கப் கலைஞர்கூட, "அண்ணாச்சி இந்த லைனுக்குப் புதுசா?" என்று கேட்டாராம். பெரியம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். பெரியப்பா சிரிப்பதில்லை.

அன்று விடைபெறும்போது அவர் ஸ்வெட்டரை மாமியிடம் நீட்டினார். மாமி வாங்கி ப்ரசன்னாவின் தோளில் போட்டார். நாங்கள் படி இறங்கி வந்தோம். கேட்டைத் தாண்டியதும் பெரியப்பாவின் கால் ஒரு கணம் தயங்கியது. மேலே பால்கனிக் கதவு திறக்கும் சத்தம் எனக்கும் கேட்டது.

அவர் கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

"ஜல்தி எடு, பிள்ளே" என்றார்.